எந்தக் கவுண்டி, எந்த ஆண்டு?

1871 அக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு சிகாகோவில் பற்றிய தீ, நள்ளிரவு தாண்டி நகரின் நடுவிலிருந்த நீதிமன்றக் கட்டடத்தை எட்டியது. குக் கவுண்டியின் பத்திரப் பதிவேடுகள் அத்தனையும் அங்கேதான் இருந்தன. விடிந்தபோது, எந்த மனை யாருக்குச் சொந்தம் என்று காட்ட அரசிடம் ஒரு தாள்கூட மிஞ்சவில்லை. வீட்டை இழந்தவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். வீடு எரிந்துபோனாலும் மனை இருக்கிறதே, அதை வைத்துக் கடன் வாங்கி மறுபடி கட்டலாம் என்றால், மனை தன்னுடையதுதான் என்று நிரூபிக்க வழியில்லை.

நகரத்தைக் கரையேற்றியவை மூன்று தனியார் நிறுவனங்கள். வில்லங்கம் பார்த்துத் தருவது அவற்றின் தொழில். அதற்காக அவை ஆண்டுக்கணக்கில் கவுண்டிப் பதிவேடுகளைப் படித்து, ஒவ்வொரு பத்திரத்தின் சாரத்தையும் தங்கள் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தன. அவற்றில் ஒன்றின் பங்குதாரரான ஜான் ஷார்ட்டால், தீ நெருங்கிக்கொண்டிருந்த வேளையில் தெருவில் போன சரக்கு வண்டியை மடக்கி, குறிப்பேடுகளை அள்ளிப் போட்டுக்கொண்டு தப்பினார். மூன்று நிறுவனங்களிடமும் மிஞ்சியவற்றை ஒன்றுசேர்த்தபோது, நகரத்தின் நில வரலாறு ஏறக்குறைய முழுதாகத் திரும்பக் கிடைத்தது. அந்தக் குறிப்பேடுகளை நீதிமன்றங்கள் சாட்சியமாக ஏற்க இல்லினாய் மாநிலம் 1872-ல் தனிச் சட்டமே இயற்றியது.

இவ்வளவு பெரிய நகரத்தின் ஆவணங்கள் ஒரே கட்டடத்தில் இருந்ததற்கும், வேறெங்கும் பிரதி இல்லாமல் போனதற்கும் காரணம் அந்த நாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு மனிதரின் பிறப்பு, திருமணம், நிலம், கடன், உயில், இறப்பு ஆகிய எதுவும் வாஷிங்டனில் பதிவாவதில்லை. மத்திய அரசிடம் மக்கள்தொகைக் கணக்கு உண்டு, ராணுவக் கோப்புகள் உண்டு, குடியேற்றக் கோப்புகள் உண்டு. வாழ்க்கையின் மற்ற ஆவணங்கள் பெரும்பாலும் கவுண்டியிலோ மாநிலத் தலைநகரிலோதான் கிடைக்கும். கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழுள்ள ஆட்சிப் பிரிவு. நாடு முழுவதும் இப்படி 3,100-க்கும் மேல் இருக்கின்றன. டெக்சஸில் மட்டும் 254. டெலவேரில் மூன்றே மூன்று.

முதல்முறை தேடுபவர் தடுக்கி விழும் இடம் அலுவலகத்தின் பெயர். ஒரே வேலைக்கு மாநிலத்துக்கு மாநிலம் பெயரும் ஆளும் மாறும். வட கரோலினாவில் கிரயப் பத்திரம் பார்க்கப் பத்திரப் பதிவாளரிடம் போக வேண்டும். ஜார்ஜியாவில் அதே பத்திரம் உயர் விசாரணை நீதிமன்றக் கிளார்க்கிடம் இருக்கும். அலபாமாவில் உயில்களை விசாரிக்கும் நீதிபதியின் அலுவலகமே பத்திரங்களையும் பதிகிறது. வர்ஜீனியாவில் பத்திரம், உயில், திருமணம் மூன்றும் சர்க்யூட் நீதிமன்றக் கிளார்க்கின் பொறுப்பு. உயிலைத் தேடி மேரிலாந்துக்குப் போனால் அது ‘அநாதைகள் நீதிமன்றம்’ என்ற பழைய பெயர் கொண்ட மன்றத்தின் வழியாக வரும். நியூயார்க்கில் அந்த வேலையைச் செய்யும் நீதிமன்றத்துக்கு சரோகேட் என்று பெயர். லூசியானாவில் கவுண்டியே கிடையாது, அங்கே 64 பாரிஷ்கள். கனெக்டிகட் தன் கவுண்டி அரசுகளை 1960-ல் கலைத்துவிட்டது. அங்கே நிலப் பதிவேடுகள் முன்பும் இப்போதும் ஊர்க் கிளார்க்குகளிடம்தான். ஹவாய்க்கு மாநிலம் முழுவதற்கும் ஒரே பதிவு அலுவலகம். நியூயார்க் நகரத்தின் ஐந்து பகுதிகளில் நான்கின் பத்திரங்கள் ஒரே இணையதளத்தில் கிடைக்கின்றன. ஸ்டேட்டன் ஐலண்ட் மட்டும் தனியாக ரிச்மண்ட் கவுண்டி கிளார்க்கிடம்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகம். மாசசூசெட்ஸ் பே குடியேற்றம் 1640-லேயே நில விற்பனைகளைப் பதிய வேண்டும் என்று சட்டம் போட்டது. காரணம் எளிமையானது. ஒருவன் தன் நிலத்தை இன்று ஒருவருக்கும் நாளை இன்னொருவருக்கும் விற்றால் யாருக்கு நிலம்? பொதுமக்கள் பார்க்கும்படியான புத்தகத்தில் பதிந்தவருக்கு என்பதே விடை. இன்றும் வட கரோலினாவில் முதலில் பதிந்தவருக்கே நிலம். பெரும்பாலான மாநிலங்கள் இதோடு இன்னொன்றையும் கேட்கின்றன: முந்தைய விற்பனை தெரியாமல் வாங்கினாரா, தெரிந்தே வாங்கினாரா?

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதிவாளர் பத்திரம் உண்மையா என்று ஆராய்வதில்லை. கொண்டுவந்த தாளைப் புத்தகத்தில் நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தை உரியவரிடம் திருப்பித் தருவதோடு அவர் வேலை முடிகிறது. உரிமை சரியானதுதானா என்று தோண்டிப் பார்ப்பது வாங்குபவர் பாடு. அமெரிக்காவில் வீடு வாங்குவோரில் பெரும்பாலானோர் உரிமைக் காப்பீடு என்ற ஒன்றுக்குப் பணம் கட்டுவது இதனால்தான். அந்தத் தொழில் 1876-ல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கியது.

அந்தத் தோண்டும் வேலை எப்படி நடக்கிறது? தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்று கேட்பவர் ஊர்ப் பெயரையும் சர்வே எண்ணையும் கொடுக்கிறார். அமெரிக்கக் கவுண்டிகள் பெரும்பாலானவற்றில் நுழைவாயில் நிலம் அல்ல, ஆளின் பெயர். ஒவ்வொரு பத்திரமும் இரண்டு அகரவரிசைப் பட்டியல்களில் ஏறுகிறது: விற்றவர் பட்டியல், வாங்கியவர் பட்டியல். இப்போது நிலத்தை வைத்திருப்பவரின் பெயரை வாங்கியவர் பட்டியலில் தேடினால் அவர் யாரிடம் வாங்கினார் என்று தெரியும். அந்த யாரோ ஒருவரை மறுபடி அதே பட்டியலில் தேட வேண்டும். இப்படித் தாய்ப்பத்திரம் தாய்ப்பத்திரமாகப் பின்னோக்கி நடந்து, அரசு முதன்முதலில் அந்த நிலத்தை வழங்கிய ஆவணம் வரை போகலாம். பிறகு திசையை மாற்ற வேண்டும். ஒவ்வொரு சொந்தக்காரரையும் விற்றவர் பட்டியலில் தேடி, தன் காலத்தில் அதை வேறு யாருக்காவது எழுதிக் கொடுத்தாரா, அடமானம் வைத்தாரா, மீட்டாரா என்று பார்க்க வேண்டும். சங்கிலி எங்கோ அறுந்தால், நிலம் விற்பனையில் கைமாறாமல் வாரிசுக்குப் போயிருக்கும். அப்போது உயில் கோப்புகளுக்குத் தாவ வேண்டும். பெண்ணின் பெயர் சட்டென மறைந்தால் திருமணப் பதிவேட்டைத் திறக்க வேண்டும்.

பட்டியல்களும் எல்லா இடத்திலும் நேரான அகரவரிசையில் இருப்பதில்லை. பென்சில்வேனியாவின் பழைய கவுண்டி நீதிமன்றங்களில் ரஸ்ஸல் முறை என்று ஒன்று இருக்கிறது. குடும்பப் பெயரின் முதல் எழுத்தை வைத்து நூலை எடுக்க வேண்டும். அதன் பிறகு எல், எம், என், ஆர், டி ஆகிய ஐந்து எழுத்துகளில் எது பெயரின் முதல் எழுத்துக்குப் பின் முதலில் வருகிறதோ அந்தப் பிரிவுக்குப் போக வேண்டும். ஸ்மித் என்பவர் எம் பிரிவில் இருப்பார், கூப்பர் ஆர் பிரிவில். கூடை கூடையாகப் பெயர்கள் குவியும் கவுண்டியில் தேடும் நேரத்தைக் குறைக்க யாரோ மூளையைக் கசக்கி உருவாக்கிய ஏற்பாடு இது. கணினி வருவதற்கு முன் தரவுகளைப் பங்கிட்டு அடுக்குவதில் இவ்வளவு நேர்த்தியான யோசனை பாராட்டத் தக்கது.

நிலத்தின் விவரமும் இரண்டு வகை. கிழக்குக் கடற்கரையின் பழைய மாநிலங்களில் நான்கெல்லையை ஓடை, பாறை, வெள்ளை ஓக் மரம், பக்கத்து நிலக்காரர் பெயர் என்று எழுதியிருப்பார்கள். ஓக் மரம் விழுந்து நூறாண்டு ஆகியிருக்கும், பத்திரத்தில் மட்டும் நின்றுகொண்டிருக்கும். ஒஹாயோவுக்கு மேற்கே பெரும்பாலான இடங்களில் 1785-ன் நில ஆணைப்படி சதுரங்களாக அளந்தார்கள். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதற்குள் 36 பகுதிகள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். அதில் பதினாறாவது பகுதி பள்ளிக்கூடத்துக்கு என்று ஒதுக்கினார்கள். 1862-ன் ஹோம்ஸ்டெட் சட்டத்தில் குடியேறிகளுக்குக் கொடுத்த 160 ஏக்கர், ஒரு பகுதியின் சரிபாதியில் பாதி. இந்த முதல் வழங்கல் ஆவணங்கள் மட்டும் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையிடம் உள்ளன. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை அது இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இரண்டாவது கைக்கு மாறிய நொடியிலிருந்து எல்லாம் கவுண்டிக்குச் சொந்தம்.

அலுவலகம் தெரிந்தாயிற்று, பட்டியலைப் படிக்கவும் தெரிந்தாயிற்று என்றாலும் வெறுங்கையோடு திரும்ப வாய்ப்புண்டு. கவுண்டிகள் பிரிந்துகொண்டே வந்திருக்கின்றன. வர்ஜீனியாவின் அகஸ்டா கவுண்டி 1738-ல் உருவானபோது, அதன் மேற்கு எல்லை மிசிசிப்பி ஆறு வரை போவதாகக் கொள்ளப்பட்டது. இன்று அந்தப் பரப்பில் பல மாநிலங்கள். வீட்டை விட்டு நகராத குடும்பத்துக்கும் தாத்தாவின் உயில் ஒரு கவுண்டியில், அப்பாவின் நிலப் பத்திரம் இன்னொன்றில், பேரனின் திருமணம் மூன்றாவதில் என்று இருக்கும். புதிய கவுண்டி பிரியும்போது பழைய நூல்கள் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடும். அதனால் ‘அந்த ஊர் இப்போது எந்தக் கவுண்டி’ என்று கேட்பது போதாது. அந்த ஆண்டில் எந்தக் கவுண்டி என்று கேட்க வேண்டும். சிகாகோவின் நியூபெரி நூலகம் தயாரித்த கவுண்டி எல்லைகளின் வரலாற்று வரைபடத் தொகுப்பு, தேதியைச் சொன்னால் அன்றைய எல்லையைக் காட்டும். தேர்ந்த ஆய்வாளர்கள் பெயரைத் தேடும் முன்பே இதைத்தான் திறக்கிறார்கள்.

வரி வாங்கவும் கடனை வசூலிக்கவும் எழுதிய இந்த நூல்களில், எழுதியவர்கள் நினைத்தே பார்க்காத வரலாறு படிந்திருக்கிறது.

அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களை 1850, 1860 மக்கள்தொகைக் கணக்குகள் வயது, பால், நிறம் என்று மட்டும் குறித்தன. பெயர் எழுதவில்லை, அபூர்வமான சில இடங்களைத் தவிர. 1870 கணக்கில்தான் அவர்களில் பெரும்பாலோர் முதன்முதலாகப் பெயரோடு வருகிறார்கள். அதற்கு முந்தைய தலைமுறையைத் தேடும் பேரப்பிள்ளைகளுக்குக் கவுண்டிப் பத்திர நூல்கள்தான் துணை. மனிதர்களைச் சொத்து என்று வைத்திருந்ததால் அவர்களை விற்ற பத்திரமும், அடமானம் வைத்த பத்திரமும், இறந்த எஜமானரின் சொத்துப் பட்டியலும் பெயரைச் சொல்லியாக வேண்டியிருந்தது. வட கரோலினாவின் பன்கம் கவுண்டிப் பதிவாளர் அலுவலகம், ஆஷ்வில் நகரில், இத்தகைய பத்திரங்களைத் தேடித் திரட்டி 2010-களில் இணையத்தில் வைத்தது. பிறகு அம்மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ பல்கலைக்கழகம் பல கவுண்டிகளின் பத்திரங்களோடு அந்தப் பணியை விரிவாக்கியது. கொடுமையைக் கணக்கு வைத்த அதே தாள், இன்று ஒரு குடும்பத்துக்குத் தன் பாட்டியின் பெயரை மீட்டுத் தருகிறது. இதற்காகவே இந்த நூல்களைக் கண்போல் காக்க வேண்டும்.

இன்னொரு கொடுமையும் பத்திரங்களுக்குள்ளேயே இருக்கிறது. இந்த வீட்டை வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்ற நிபந்தனையை இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுதிப் பதிந்தார்கள். செயின்ட் லூயிஸ் நகரில் 1911-ல் ஒரு தெருக்காரர்கள் கையெழுத்திட்ட அத்தகைய ஒப்பந்தத்தை மீறி, 1945-ல் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் வீடு வாங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது என்று 1948-ல் தீர்ப்பு வந்தது. வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 1968-ல் வந்தது. ஆனால் வாசகங்கள் புத்தகத்தில் அப்படியே கிடந்தன. 2016-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வுக் குழு, மினியாபொலிஸ் இருக்கும் ஹென்னபின் கவுண்டியின் பத்திரங்களைக் கணினியில் ஏற்றி, இனம் பற்றிய சொற்களைத் தேடவிட்டது. கணினி பிடித்த பத்திரங்களைப் பொதுமக்களே தன்னார்வமாகப் படித்துச் சரிபார்த்தார்கள். ஆயிரக்கணக்கான வீடுகள் வரைபடத்தில் புள்ளிகளாக எழுந்தன. நகரின் கறுப்பின மக்கள் ஏன் சில தெருக்களில் மட்டும் குவிந்து வாழ்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் கண்முன் வந்தது. 2019-ல் அந்த மாநிலம், வீட்டுக்காரர்கள் விரும்பினால் அந்த நிபந்தனையைத் துறக்கும் ஆவணத்தைப் பதியலாம் என்று சட்டம் இயற்றியது. பழைய பக்கத்தைக் கிழிப்பதில்லை. மேலே புதிய பக்கம் சேர்கிறது.

இந்தியர்களின் தடமும் இப்படித்தான் கிடைத்தது. கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயிர் செய்யப் போன பஞ்சாபி விவசாயிகள் நாட்குறிப்பு எழுதியவர்கள் அல்லர். 1913-ன் கலிபோர்னியா அந்நியர் நிலச் சட்டம், குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் நிலம் வாங்குவதைத் தடுத்தது. இந்தியர்கள் அத்தகுதி அற்றவர்களே என்று 1923-ல் பகத் சிங் திந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேற்றினத் திருமணத்துக்கும் அந்த மாநிலத்தில் தடை இருந்ததால், அவர்களில் பலர் மெக்சிகோ வம்சாவளிப் பெண்களை மணந்தார்கள். நிலத்தை உள்ளூர் வெள்ளையர் பெயரிலும், பிற்பாடு அங்கே பிறந்ததால் குடிமக்களாகிவிட்ட தங்கள் குழந்தைகளின் பெயரிலும் வைத்தார்கள். வரலாற்று மானிடவியலாளர் கேரன் லெனார்ட் கவுண்டிகளின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளையும் நீதிமன்றக் கோப்புகளையும் நேர்காணல்களையும் இணைத்து, அந்தச் சமூகத்தின் கதையை 1992-ல் நூலாக்கினார்.

நிலப் பத்திரங்களோடு ஒப்பிட்டால் பிறப்பு, இறப்புப் பதிவு இளையது. மாநில அளவில் அதைக் கட்டாயமாக்கியதில் மாசசூசெட்ஸ் முன்னோடி, 1841-ல். டெக்சஸ் உள்ளே வந்து தேசியப் பிறப்புப் பதிவு வட்டம் முழுமையானது 1933-ல்தான். இரண்டே ஆண்டுகளில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்து, ஓய்வூதியம் வேண்டுமானால் வயதை நிரூபி என்றது. சான்றிதழே இல்லாமல் பிறந்த லட்சக்கணக்கானோர் குடும்ப பைபிளின் முன்பக்கத்தையும் ஞானஸ்நானப் பதிவையும் அண்டை வீட்டார் வாக்குமூலத்தையும் தூக்கிக்கொண்டு கவுண்டி நீதிமன்றங்களுக்குப் போனார்கள். அப்படிக் கிடைத்த ‘தாமதப் பிறப்புச் சான்று’ கோப்புகள் இன்றைய தேடலுக்குப் பெரும் புதையல். ஒரே உறையில் மூன்று தலைமுறை இருக்கும்.

பதிவு இல்லாமல் போவது சிலருக்கு விடுதலையாகவும் அமைந்தது. 1906 ஏப்ரலில் நிலநடுக்கமும் தீயும் சான் ஃபிரான்சிஸ்கோவை விழுங்கியபோது பிறப்புப் பதிவேடுகளும் சாம்பலாயின. சீனர்கள் குடியேறுவதை 1882 முதல் தடுத்துவந்த நாட்டில், மண்ணில் பிறந்தவர் குடிமகனே என்று வாங் கிம் ஆர்க் வழக்கில் 1898-லேயே தீர்ப்பு வந்திருந்தது. தான் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்ததாகச் சீன இளைஞர் ஒருவர் சொன்னால், இல்லை என்று மறுக்க நகரத்திடம் இப்போது ஏடு இல்லை. அப்படிக் குடிமகனானவர், சீனாவிலிருக்கும் மகன்கள் என்று அறிவித்த பெயர்களில் மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். காகித மகன்கள் என்று அவர்களை அழைத்தார்கள்.

இந்த ஆவணங்களைப் பார்க்க யாருக்கு உரிமை? தகவல் சுதந்திரச் சட்டம் என்று பரவலாகப் பேசப்படும் 1966-ன் மத்தியச் சட்டம் கவுண்டிக்கோ மாநிலத்துக்கோ செல்லாது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம். நிலப் பத்திரம் எங்கும் எவருக்கும் திறந்தது. பிறப்புச் சான்றில்தான் வேறுபாடு பெரிது. ஒஹாயோவில் பிறப்புப் பதிவு பொது ஆவணம். பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் பிறந்து 105 ஆண்டு ஆனால்தான் பொதுமக்கள் பார்வைக்கு வரும். மிசௌரி மாநிலம் 1910 முதலான இறப்புச் சான்றுகளை ஐம்பது ஆண்டு கழிந்ததும் படமாகவே இணையத்தில் இலவசமாக ஏற்றிவிடுகிறது. பின்பற்றத் தக்க வழக்கம்.

வெளிமாநிலத்தவர் கேட்டால் தர மறுக்கவும் மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. வாடிக்கையாளர்களுக்காகச் சொத்து வரிப் பதிவுகளைத் திரட்டிக் கொடுக்கும் கலிபோர்னியாக்காரர் ஒருவர் வர்ஜீனியாவின் ஹென்ரைகோ கவுண்டியிடம் விண்ணப்பித்தார். நீங்கள் வர்ஜீனியா குடிமகன் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். 2013-ல் மெக்பர்னி எதிர் யங் என்ற வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பது பேரும் கவுண்டியின் பக்கமே நின்றார்கள். பதிவுகளில் பெரும்பாலானவை இணையத்திலேயே இருக்கின்றனவே என்பதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

ஆவணங்கள் எரிந்துபோன கவுண்டிகளில் தேடுபவர்கள் மாநிலத் தலைநகரைப் பார்க்க வேண்டும். உள்நாட்டுப் போரின்போது வர்ஜீனியாவின் சில கவுண்டிகள் பாதுகாப்புக் கருதித் தங்கள் நூல்களை மாநிலத் தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பின. 1865 ஏப்ரலில் அந்த நகரம் வீழ்ந்தபோது மூண்ட தீயில் அவை எரிந்தன. எங்கும் அனுப்பாத நார்தாம்ப்டன் கவுண்டியிடம் 1632 முதல் இடைவெளியில்லாத நீதிமன்றப் பதிவேடுகள் ஈஸ்ட்வில் ஊரில் இருக்கின்றன. எரிந்தவற்றுக்கும் வழி உண்டு. 1782 முதல் கவுண்டிகள் நில வரி, சொத்து வரிப் பட்டியல்களின் பிரதியை மாநிலத்துக்கு அனுப்பி வந்தன. அவை வர்ஜீனியா நூலகத்தில் பத்திரமாக உள்ளன. ஆண்டுதோறும் வரி கட்டியவரின் பெயர் எந்த ஆண்டில் மறைந்து, மகன் பெயர் எந்த ஆண்டில் முளைக்கிறது என்று பார்த்தே இறந்த ஆண்டைக் கணிக்கிறார்கள்.

யூட்டா மரபியல் கழகம் 1938 முதல் இத்தகைய நூல்களை நுண்படச் சுருள்களில் எடுத்தது. அதன் வாரிசான ஃபேமிலிசர்ச் 24 லட்சம் சுருள்களையும் 2021-ல் கணினிமயமாக்கி முடித்தது. வீட்டிலிருந்தே தேட அதுதான் முதல் இடம். அதில் இல்லாததற்குக் கடிதமோ மின்னஞ்சலோதான். கேள்வி குறுகலாக இருந்தால் கிளார்க் உதவுவார்: இந்தப் பெயர், இந்த ஐந்தாண்டுக்குள், வாங்கியவர் பட்டியலில் பார்த்துச் சொல்ல முடியுமா, சான்றிட்ட நகலுக்கு எவ்வளவு? எங்கள் குடும்பத்தைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது.

அமெரிக்காவில் குழந்தை பெற்ற தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த அலுவலகங்கள் இன்றைய தேவை. அங்கே வாங்கிய பிறப்புச் சான்று இந்தியாவில் செல்ல அப்போஸ்டில் முத்திரை வேண்டும். அந்த முத்திரைக்கான பன்னாட்டு உடன்படிக்கை இந்தியாவுக்கு 2005-ல் நடைமுறைக்கு வந்தது. முத்திரையை வாஷிங்டன் தராது, சான்று கொடுத்த மாநிலமே தர வேண்டும். டெக்சஸில் மாநிலச் செயலர் அலுவலகம் தருகிறது, நியூ ஜெர்சியில் கருவூலத் துறை. நியூயார்க் நகரில் பிறந்த குழந்தைக்கு மூன்று படி: நகரச் சுகாதாரத் துறையிடம் விரிவான சான்றையும் அதன் உண்மைத்தன்மைக் கடிதத்தையும் வாங்கி, நியூயார்க் கவுண்டி கிளார்க்கிடம் அந்தக் கையெழுத்தை உறுதிப்படுத்தி, அதன் பிறகே மாநிலத் துறையிடம் முத்திரைக்குக் கொடுக்க வேண்டும்.